பெர்னடெட் மாற்றிச் சொன்ன கட்சி

அமெரிக்காவின் ஒஹையோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெர்னடெட் வோய்சிக்கை முகத்தைவிடக் குரலால் அறிந்தவர்களே அதிகம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வாய்க்கவே இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் விளையாட்டு வானொலிக்குப் போன் செய்து ஒன்றையே சொல்வாள்: வேறு அணியின் வயதான ஆளை வாங்காதீர்கள், கல்லூரிப் பையனை எடுத்து, மூன்று வருஷம் பொறுத்து வளருங்கள்.

அண்ணன் ஸ்டானும் அதே கட்சிதான். ஆனால் இந்த ஆண்டு அவருக்கு டயாலிசிஸ். மூன்று வருஷம் தாங்குவாரா என்று பெர்னடெட் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

அந்த வாரம் பெர்னடெட் வானொலியில், "இந்தத் தடவ அந்த முப்பத்தேழு வயசு ஆளையே வாங்கிப் போடுங்கப்பா. இப்பவே ஜெயிக்கணும்," என்றாள்.

"பெர்னியா பேசுறது? உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று சிரித்தான் நிகழ்ச்சி நடத்துபவன்.

ஸ்டானின் சிகிச்சை அறையிலும் அதே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் பெர்னடெட் அவரை அழைத்துவரப் போனபோது, காரில் ஏறியதும் ஏறாததுமாக ஸ்டான் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, எனக்கு நாள் குறிச்சிட்டியா?"

"அப்படியில்லண்ணே..."

"முப்பத்தேழு வயசுக் கிழவனுக்காக அடுத்த ரெண்டு வருஷம் நாம எடுக்க வேண்டிய காலேஜ் பசங்களை அந்த டீமுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்றியே. அவன் முட்டி என் கிட்னியவிட மோசம். நான் போனாலும் டீம் இருக்கணும்ல? நாளைக்கே மாத்திச் சொல்லு."

மறுநாள் போன் செய்தாள். "நேத்துப் பேசினதை விட்ருங்க. பையனையே எடுங்க. அவன் வளர்ற வரைக்கும் நாங்க காத்திருப்போம்."

"நாங்கன்னா யாரு?"

"நானும் எங்கண்ணனும்," என்றாள் பெர்னடெட்.