ஜுனைதா ராத்தாவின் பிரிஜ்

"கையக் காட்டு மகள்."

பிள்ளைகள் நீட்டும் கையை ஜுனைதா ராத்தா பார்ப்பதில்லை, மோந்துதான் பார்ப்பார். கருவாட்டு வாடை அடித்தால், "குழாயடிக்கு ஓடு. சவுக்காரம் போட்டுட்டு வா." அதற்குப் பிறகுதான் பிரிஜ்ஜைத் திறப்பார்.

குளிராத பிரிஜ். ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டல் ஒன்று பழுதென்று வெளியே போட்டதைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே எங்கள் அகதி முகாம் பிள்ளைகளுக்கான புத்தகங்கள். முட்டை வைக்கும் குழிகளில் பென்சில் துண்டுகள். எங்கள் தென்னங்கிடுகு வீடுகளில் கறையானும் உப்புக்காற்றும் நுழையாத இடம் அது ஒன்றுதான்.

பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி. பின்னேரம் திரும்பி வரும் புத்தகத்தையும் மோந்துதான் வாங்குவார். "இது அடுப்படில வாசிச்சது. இது தோணிக்குள்ள கெடந்தது." அவர் கணிப்பு ஒருநாளும் பிழையாகப் போனதில்லை. ஆனால் ஏச மாட்டார். அழுக்குப்படாத புத்தகத்தைக் கண்டால்தான் முகம் சுளிப்பார்: "இத ஒருத்தரும் தொறக்கல்ல."

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் உதவி நிறுவனமொன்றின் வேன் வந்தது. பெரிய பெட்டி நிறையப் புதுப் புத்தகம். அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தார்கள். பிரிஜ்ஜில் இருந்ததெல்லாம் பழைய பாடம். அல்லாஹ்தான் அனுப்பினான் என்று, பக்கத்து வீட்டுக்காரி நான் கையேந்திவிட்டேன்.

பெட்டியை இறக்கியதும் தங்கள் பெயர் போட்ட பெனர் துணியைக் கட்டினார்கள். கெமராவோடு வந்த தம்பி பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். "சிரிக்க வேணாம். சும்மா பாருங்க."

ராத்தா நடுவில் போய் நின்றார். "புள்ளைகளப் படம் புடிக்க ஏலாது."

"படம் இல்லாட்டி, சாமான் தந்தவங்களுக்கு நாங்க எதக் காட்டுற? திருப்பிக் கொண்டு போகத்தான் வேணும்."

"மன்னார்லேருந்து வெரட்டுப்பட்டு வந்த வருசம், எண்ட மகள் நபீலாவச் சோத்துக் கோப்பையோட புடிச்சாங்க. கலண்டர்ல வந்திச்சு. பள்ளிக்கூடம் முழுக்க 'கலண்டர் புள்ள' எண்டு கூப்பிட்டாங்க. ஆறாம் வகுப்போட நிண்டுட்டாள்."

"பெட்டிய ஏத்துங்க" என்றார் தம்பி, வேன்காரரிடம்.

நான் ராத்தாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு படம்தானே ராத்தா, விட்டுக்குடுங்களேன்."

"நீ சும்மா இரி."

பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பினார். பெட்டியைப் பெனருக்குக் கீழே இழுத்துக்கொண்டு வந்து, மேலிருந்த புத்தகத்தை எடுத்து விரித்து, முகத்தை முழுதாக மூடிக்கொண்டார்.

"பொஸ்தகம் வந்து சேந்திச்செண்டு காட்டத்தானே வேணும்? எடுங்க மகன்."

மற்றக் கை பெட்டியின் கயிற்றை விடவில்லை.