சூடேறாத கொழுந்து

மதியம் ஒரு மணி. மழையால் ஓவேலிக்குப் பஸ் வரவில்லை. கூடலூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் நடக்க என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. பச்சைத் தேயிலைக் கொழுந்து ஏற்றிய பிக்கப் வண்டியில் தொற்றி, பின்னால் ஒரு பையின்மேல் உட்கார்ந்தேன்.

"ஐயோ, குந்தாதீங்க சார்! நசுங்குனா கொழுந்து சூடேறிப்போகும்!"

கத்தியவர் செல்வராணி. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். இங்கே சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்குத் தலைவி. களைக்கொல்லி அடிப்பதைக் குழு நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கொழுந்தை ஒரே ஒரு ஃபேக்டரி மட்டும் தனியாக வாங்குகிறது. போன வாரம் போன லோடு வழியிலேயே சூடேறிக் கெட்டுவிட்டதாம்.

"இன்னொரு தடவை அப்படி வந்தா, ஒங்க கொழுந்தே வேணாம்னுட்டாங்க" என்றார்.

மூன்றாவது வளைவில் டிரைவர் அஷ்ரப் பிரேக் போட்டார். செம்மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. "வண்டி போகில்ல சேச்சி."

மேலே, குழுவில் சேராத தங்கவேலின் தேயிலைத் தோட்டம். களைக்கொல்லி மருந்தடித்து ஒரு புல்கூட இல்லாமல் மொட்டையாக இருந்த சரிவு அப்படியே கீழே வந்திருந்தது. அவரும் வேறு ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டிய தன் பைகளோடு திகைத்து நின்றார். பக்கத்துச் சரிவு செல்வராணியுடையது: முழங்கால் உயரப் புல், நடுநடுவே மழைநீர்க் குழிகள். 'பாம்புக் காடு' என்று தங்கவேல் கேலி செய்த இடம் அசையாமல் நின்றது.

அதன் வழியாகத் தலைச்சுமையாக இறக்கினால் மண்சரிவுக்கு அப்பால் சாலையைப் பிடிக்கலாம். அஷ்ரப் போன் போட்டு அங்கே இன்னொரு வண்டியை வரவழைத்தார். மேலிருந்து கற்கள் உருண்டன. நானும் ஒரு பையைத் தூக்கி, என் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தங்கவேலும் செல்வராணியின் பைகளைச் சுமந்தார். எல்லாவற்றையும் புது வண்டியில் ஏற்றியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, என்ற பையையும் இதுலயே ஏத்திக்கலாமுங்களா?"

"மருந்தடிச்ச கொழுந்து கலந்தா எங்க மொத்த லோடும் போயிரும் தம்பி. மாட்டேன்."

சுமந்தவருக்கு இதுதான் மரியாதையா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

மூன்று மணிக்கு ஃபேக்டரி. அதிகாரி ஒரு பைக்குள் முழங்கை வரை கையை விட்டார். எவ்வளவு நேரம்தான் துழாவுவார் இந்த மனிதர்!

"ஜில்லுன்னுதான் இருக்கு. இறக்குங்க."

வீட்டில் டீ கொஞ்சம் ஆறியிருந்தாலே சண்டை போடுகிறவன் நான். அன்று அந்த இலை ஆறியிருந்ததற்காகச் சாமி கும்பிட்டேன்.

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் தங்கவேலின் குரல் சுரத்தில்லாமல் வந்தது. "பை சூடாகுதுங்கக்கா."

"பையிலேயே வச்சிருக்காதீங்க தம்பி. அவுத்து எங்க மலையில புல்லு மேல பரப்பிவிடுங்க, ஆறிரும். எங்க லோடு எறங்குனதும் இந்த வண்டி ஒங்களுக்குத்தான் வருது."



"அந்தப் பாம்புக் காட்டுலயாங்க?"

"அதே காட்டுலதான். பாம்பு வந்தா நான் கேட்டதாச் சொல்லுங்க."