ஜசிந்தாவின் கல்வித் தகைமை

போன கிழமை தாழ்வுபாடு என்ற ஊரிலிருந்து பிள்ளையொன்று பல்கலைக்கழகப் பதிவுப் படிவத்தை நிரப்ப உதவி கேட்டு நான் வேலைசெய்யும் கந்தோருக்கு வந்தது. கையில் புத்தம்புதுப் பிளாஸ்டிக் கோப்பு. அதைத் திறந்ததும் எழுந்த வாசம் என்னை நேரே ஜசிந்தாவிடம் கொண்டுபோய் விட்டது.

ஜசிந்தா வங்காலைக்காரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அந்த வருடம் அனுமதிக்கும் மாணவர் தொகையைக் கூட்டியிருந்தார்கள். கட்டிலைக் கூட்டவில்லை. இரண்டு பேருக்கான அறையில் ஐந்து பேர் படுத்தோம். நான் படித்தது புவியியல். வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் இன்றைக்கும் ஒருமுறை யோசிப்பேன். அவள் பொருளியல். படித்தவர்கள் பெருகினால் நாட்டின் வருமானமும் பெருகும் என்று வரைபடம் கீறி விளக்கி முதல் வகுப்பில் தேறினாள். பட்டமளிப்புக்கு உடுத்த சேலை, குவைத்தில் வீட்டுவேலை செய்து அவளைப் படிப்பித்த அக்கா அனுப்பியது.

ஊருக்குத் திரும்பினால் இங்கே என்ன இருந்தது? கடல், உப்பு, கொஞ்சம் வயல். மிச்சமெல்லாம் அரசாங்கம். அதன் நியமனத்துக்காக நாலு வருடம் காத்திருந்தோம். ஒருவழியாக நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வரிசையில் ஜசிந்தா எனக்கு முன்னால், சான்றிதழ்களை வைத்த புத்தம்புதுப் பிளாஸ்டிக் கோப்போடு நின்றாள். அதிகாரி அவளுடைய பிறப்புச் சான்றிதழை இரண்டு தரம் பார்த்தார்.

"பிள்ளை, வயசெல்லைக்குப் பதினொரு நாள் கூடிப்போச்சு. நான் என்ன செய்யிறது?"

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்ததில் மூன்று வருடப் படிப்புப் போனதை அவள் சொன்னாள். அவர் இரக்கத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார். நான் அவளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது. வேலை என்றால், ஐந்து பட்டதாரிகளுக்கு ஒரு மேசை, மூன்று கதிரை. பிந்திப் போனால் நிற்க வேண்டும். நான் நேரத்துக்கு வேலைக்குப் போகப் பழகியதன் ரகசியம் அதுதான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, எங்கள் நிர்வாகப் பிரிவின் வேலையற்ற பட்டதாரிகளை, அதாவது அரச நியமனம் கிடைக்காதவர்களை, கணக்கெடுக்க என்னை வங்காலைக்கு அனுப்பினார்கள். ஜசிந்தா நண்டு பதனிடும் கொம்பனியில் இருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாள் முழுக்க அவித்த நண்டில் சதை எடுத்த விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன. குடிக்கப் பிளேன்ரீ தந்தாள். நான் படிவத்தில் அவளுடைய பட்டத்தை எழுதப் போனபோது கையைப் பிடித்தாள்.

"அதை எழுதாதை. ஓ.எல். எண்டு போடு. பள்ளிக்கூடத்தோட நிண்டதெண்டு இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டேன்.

"பட்டதாரி எண்டா, கவுண்மேந்து வேலை வந்தவுடன விட்டிட்டுப் போயிடுவினமாம். கொம்பனியில எடுக்கமாட்டினம். நான் ஓ.எல். எண்டு சொல்லித்தான் சேர்ந்தனான்."

அரச படிவம் கொம்பனிக்குப் போகாது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை. பயந்திருந்தாள். விடுதி அறையில் எங்கள் எல்லோருக்கும் பாடம் சொல்லித் தந்தவள் பயந்ததை அன்றுதான் முதல்முறை கண்டேன். ஓ.எல்., அதாவது சாதாரண தரம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

அந்தக் கொம்பனி இப்போது இல்லை. ஜசிந்தா புத்தளம் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். விலாசம் யாரிடமும் இல்லை. அந்த வருட அறிக்கையில் எங்கள் பிரிவின் வேலையற்ற பட்டதாரிகள் தொகை ஒன்று குறைந்திருந்தது. முன்னேற்றம் என்று மேலதிகாரி என்னைப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.