என் வண்டியைக் காட்டாத கஸ்பரே

பதிமூன்று வருஷம் என் கையால் தின்றுவிட்டு, ஊருக்கு வந்தவர்களை எல்லாம் ஸாரோ கடைக்கு அனுப்பிய மனிதர் கஸ்பரே. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

பலெர்மோ ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், பன்னிரண்டு அறை உள்ள ஒரு பழைய ஹோட்டலில் அவருக்கு வாசல் வேலை. பெட்டி தூக்குவது, சாவி கொடுப்பது, வழி சொல்வது எல்லாம் அவர்தான். என் தள்ளுவண்டி அதே தெரு முனையில், மாதா கோயில் சுவரோரம் நிற்கும். கன்றுக்குட்டியின் சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் நுரையீரலையும் விடியற்காலையில் வேகவைத்து, மெல்லிசாக அரிந்து, பன்றிக் கொழுப்பில் வாட்டி, எள் தூவிய ரொட்டிக்குள் அடைத்துக் கொடுப்பேன். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அது தனிக்கட்டை. மேலே சீஸ் போட்டால் கல்யாணமானது. எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்டு வாங்குவார்கள்.

கஸ்பரே சரியாகப் பதினொரு மணிக்கு வருவார். "என்னை மாதிரியே ஒண்ணு குடுடா" என்பார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா அசுந்தா வீட்டு மாடியில் ஓர் அறை, அவ்வளவுதான் குடித்தனம். ஹோட்டல் கோட்டில் கொழுப்பு சொட்டக் கூடாது என்று காலை அகட்டி, முன்னால் குனிந்து நின்று தின்பார். காகிதத்தில் ஒரு எள் மிஞ்சாது.

வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பதே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், இந்த ஊர் ஆட்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்பதுதான். கஸ்பரேயின் கை என் வண்டியைத் தாண்டித் துறைமுகத்துப் பக்கம் நீளும். அங்கே ஸாரோ கடையில் மேஜை உண்டு, நாற்காலி உண்டு. கடலைமாவு வில்லைகளைப் பொரித்துக் கொடுப்பான். சுவரொட்டி கேட்டால் சீஸை மலையாகக் கொட்டி, உள்ளே இருப்பது தெரியாமல் கொடுப்பான். அவனிடம் போகிறவர்கள் என் மூக்குக்கு நேரேதான் நடந்து போவார்கள். ஏன் இப்படி என்று கஸ்பரேயைக் கேட்டால், தலையைப் பின்னால் சாய்த்து நாக்கால் ஒரு 'ச்' கொட்டுவார். எங்கள் ஊரில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, நவம்பரில், காலையிலிருந்து மழை. வேகவைத்தது எல்லாம் அப்படியே கிடந்தது. எட்டுப் பேர் ஹோட்டலிலிருந்து வந்தார்கள். கஸ்பரே குடை பிடித்து, என் வண்டியைக் கடந்து அவர்களை அடுத்த முனைவரை கூட்டிப்போய், வழி காட்டிவிட்டுத் திரும்பினார். பதினொரு மணி. என்னிடம் கையை நீட்டினார்.

"ஸாரோகிட்ட ஓசியில தின்னுட்டுத்தானே அனுப்பறே? அப்புறம் இங்க எதுக்குக் கை நீட்டறே?"

நாலு பேர் முன்னால் சொன்னேன். வழக்கமாகக் கூப்பிடும் 'அண்ணே'கூட வாயில் வரவில்லை. அவர் நீட்டின கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போனவர்தான், பிறகு வரவில்லை. தினமும் பதினொரு மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்று எங்கோ பார்ப்பார். நானும் எங்கோ பார்ப்பேன். நடுவில் முப்பது அடி இருக்கும். மூன்று வருஷம் இரண்டு பேரும் அதைக் கடக்கவில்லை.

இந்த ஜனவரியில் வாசல் காலியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அசுந்தா வந்தாள். தம்பிக்குத் தொண்டையில் கட்டியாம், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, அவளே தானாக வந்ததாகச் சொன்னாள்.

தண்ணீரே இறங்காத மனிதருக்கு நான் ஒரு தனிக்கட்டை ரொட்டியைச் சுற்றி எடுத்துப் போனேன். வேறு என்ன கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். ரொட்டியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். கையில் வலுவில்லை. அது நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த ரொட்டியை நாங்கள் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். எடுத்து முத்தமிட்டு, கவிழ்ந்துவிடாமல் மேஜைமேல் வைத்தேன்.

"நானும் இப்படித்தான் எடுத்தேன்" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

விட்டு விட்டுச் சொன்னார். நான் வண்டி போட்ட முதல் வருஷம், ஹோட்டலில் தங்கிய ஒரு தம்பதியை என்னிடம் அனுப்பியிருக்கிறார். ஒரு கடி கடித்து, என்னைப் பார்த்து நன்றாகத் தலையாட்டிவிட்டு, கோயில் முனை திரும்பியதும் சாக்கடையோரம் வீசிவிட்டார்கள். பின்னால் வந்த கஸ்பரே அதை எடுத்து முத்தமிட்டுச் சுவர்மேல் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் அதே சாக்கடையோரம் இன்னும் மூன்று ரொட்டி. நான் எலுமிச்சை பிழிந்துகொண்டு எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கத்தியோடு ஓடியிருப்பேன். ஸாரோ கடைக்குப் போனவர்கள் வயிறு நிறைந்து சிரித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"எவன் ரொட்டியை எறிஞ்சாலும் தாங்காது. அதுவும் உன்னோடது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

தலையைச் சாய்க்கப் பார்த்தார். தலையணை தடுத்தது. 'ச்' மட்டும் வந்தது.

"சொன்னா நீயும் சீஸைக் கொட்ட ஆரம்பிச்சிருப்பே. அப்புறம் நான் எங்கடா போய்த் தின்பேன்?"

ஓசிச் சோறு என்று நான் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் அதை எடுக்கவில்லை. கொழுப்புப் பிசுக்குக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றேன். அசுந்தா கதவைத் திறந்ததும் கிளம்பினேன். அவர் விரலை அசைத்துக் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இனிமே அந்த வாசல்ல ஆள் இருக்காது. உன்கிட்டதான் வந்து கேப்பாங்க, நல்ல சாப்பாடு எங்கேன்னு. ஸாரோ கடையைக் காட்டிவிடு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம சொல்லு."