கதவைத் திறந்து வைத்துப் பாடிய மேகலா

மெல்பேர்ணின் கிரான்பர்னில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு, அதுதான் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருந்த காலையில்தான் செய்தி வந்தது. அழைத்தவர் டேவ், எங்கள் குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற மனிதர் அன்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். சிட்னியில் மேகலா இறந்துவிட்டார். கச்சேரிக்காகப் போய் மெரிலேண்ட்ஸில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியிருந்தவர், குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது விழுந்திருக்கிறார். மூளையில் இரத்தக்கசிவாம். வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நான் வயரும் கையுமாக நின்றேன். பிள்ளையின் தாய் வந்து, "அண்ணை, ஐயர் வந்திட்டார். நாதஸ்வரத்தைப் போடுங்கோ" என்றார். போட்டேன். அன்று பின்னேரம் வரை மங்கள வாத்தியம்தான். விட்டுவிட்டுப் போக வழியில்லை, மாற்றுக்கு ஆளும் இல்லை. அழுவதற்கு மிக்ஸருக்குப் பின்னால் குனிய வேண்டியிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போஸ்டர்களில் அவர் பெயர் மெக். வெள்ளைக்காரர் வாயில் மேகலா நுழையவில்லை என்று யாரோ வெட்டிக் குறுக்கிய பெயர் அது. இந்த நாட்டின் மிகச் சிறந்த சோல் பாடகிகளில் ஒருவர் என்று பத்திரிகைகள் எழுதின. சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலிருந்து வெளியே வந்த பாட்டு. மன்றாட்டும் கோபமும் அதில் ஒரே மூச்சில் வரும். கொடிகாமத்தில் பிறந்து, படகில் வந்து இறங்கிய ஒரு சைவப் பிள்ளைக்கு அது எப்படி வாய்த்தது என்று பலரும் கேட்பார்கள். தடுப்பு முகாமில் வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொங்கா நாட்டுப் பெண்கள் சிலர் வந்து அங்கே கிறிஸ்தவப் பூசைப் பாட்டுப் பாடுவார்களாம். "பக்தியில போகேல்லை அண்ணை. பாடப் போனா அறையை விட்டு வெளியில விடுவாங்கள். அதுக்குத்தான் வாயைத் திறந்தனான்" என்று மேகலா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தப் பெண்கள் இவரை முன்வரிசைக்கு இழுத்து விட்டார்கள். முகாமை விட்டு வெளியே வந்தபோது கையில் ஒரு பையும் தொண்டையில் அந்தக் குரலும் மட்டும்தான் இருந்தன.

நான் பகலில் ஒரு கிடங்கில் வேலை செய்பவன். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கல்யாணங்களுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் ஒலியமைப்பவன். ஒருநாள் டேவ் கூப்பிட்டு, ஒரு மதுக்கடையின் பின் மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளை ஒன்று பாடப் போகிறது, வந்து மைக்கைப் பாரும் என்றார். போனேன். மேகலா வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மண்டபத்தைச் சுற்றி நடந்து, எத்தனை கதவு இருக்கிறது, எது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தார். பக்கக் கதவு ஒன்றைத் தள்ளித் திறந்து, அது சாத்தாமலிருக்கக் கதிரை ஒன்றை முண்டு கொடுத்தார். சத்தம் வெளியே போகும், அயலவர்கள் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று நான் சீறி விழுந்தேன். "கதவு பூட்டியிருந்தா எனக்குச் சத்தம் வராது அண்ணை. நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ" என்றார். என்ன திமிர் என்று நினைத்தேன். பாடத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டேன். அன்று தொடக்கம் அவர் பாடிய எல்லா மண்டபங்களிலும் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன் எந்தக் கதவைத் திறந்து விடுவது என்றுதான் நான் யோசித்தேன்.

அவரைப் பெரிய ஆளாக்கிய பாட்டை அவரே எழுதினார். வராத பஸ்ஸுக்காக ஒரு பெண் தரிப்பிடத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான் விடயம். வெரிபீயில் வாடகை அறையில் இருந்துகொண்டு கோழி வெட்டுகிற தொழிற்சாலைக்குப் போய்வந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் காத்து நின்ற கடுப்பில் எழுதியது. ஆனால் பேட்டி எடுக்க வந்த ஒருவரும் அதை நம்பவில்லை. கடல் என்றார்கள், தாய்நாடு என்றார்கள், தொலைந்த தலைமுறை என்றார்கள். மேகலாவும் பொறுமையாக, "இல்லை, அது பஸ். வரவேயில்லை" என்பார். அவர்கள் கண் கலங்கித் தலையாட்டுவார்கள். எந்த மேடையிலும் அறிவிப்பாளர் "படகில் வந்த பெண்" என்று தொடங்காமல் விட்டதில்லை. ஒருநாள் மேடைக்குப் போகும் முன் என் காதில், "எத்தினை வருசம் போனாலும் என்னை அந்தப் படகில இருந்து இறக்க மாட்டினம் போல" என்றார். அதைப் பகிடியாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. மதுக்கடையில் பாடுகிறவள் என்று பின்னால் கதைத்தவர்கள், பத்திரிகையில் படம் வந்த பிறகு பொன்னாடையோடு ஓடி வந்தார்கள். ஆனால் இங்கிலிஷ் பாட்டு வேண்டாம், தேவாரம் பாடு பிள்ளை என்றார்கள். ஒரு திருவிழாவில் பாடினார். தேவாரத்தின் சொல் ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் கீழே விழுந்து, தவழ்ந்து, மறுபடி எழுந்து நின்றது. முன்வரிசையிலிருந்த அன்ரிமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். கோயில் சபையைச் சேர்ந்த அங்கிள் ஒருவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "இது என்ன பிள்ளை, தேவாரம் பாடுற முறையே இது?" என்று கேட்டார். மேகலா கைகூப்பி, "அங்கிள், நீங்கள் எல்லாரும் சிற்றிசன். நீங்கள் கடவுளை வாழ்த்திப் பாடலாம். நான் விசா கேட்கிறன். கெஞ்சித்தான் கேட்க வேணும்" என்றார்.

விசா என்று அவர் சொன்னது பகிடிக்கல்ல. அவரது அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. கையில் இருந்தது பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரை தங்க விடுகிற தற்காலிக விசா. அதை வைத்து வேலை செய்யலாம், வரி கட்டலாம், விருது வாங்கலாம். பெரிய மனிதர்கள் தோளில் கைபோட்டுப் படம் எடுக்கலாம். அப்படி ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தபோது மேகலா புன்னகை மாறாமல், "என்ர ஃபைலை ஒருக்காப் பார்ப்பீங்களோ, சேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவரும் புன்னகை மாறாமல் அடுத்த ஆளிடம் போனார். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அழைப்புகள் வந்தன. வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நீங்கள் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வரத்தான் விட மாட்டார்கள்." கொழும்பில் இறங்கினாலோ விமான நிலையத்திலேயே விசாரணைக்கு எடுப்பார்கள் என்ற பயம். ஆக, கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கிற அறை. குழுவினர் வெளிநாடு போய்ப் பாடிவிட்டு வருவார்கள், வேறொரு பாடகியோடு. அவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டு, வான் வண்டியைத் திருப்பி ஓட்டி வருபவர் மேகலா.

பிறகு அவரது தாயார் படுக்கையில் விழுந்தார். அந்த மாதங்களில் மேகலாவோடு இருப்பது கடினமாக இருந்தது. ஒருநாள் போகிறேன் என்பார், மறுநாள் இல்லை என்பார். கடைசியில் தாயே தொலைபேசியில், "நீ வந்தா உன்னைப் பிடிப்பாங்கள். நான் ரெண்டு தரம் சாக ஏலாது. அங்கேயே இரு" என்று சொல்லிவிட்டாராம். இருந்தார்.

தாயாரின் செத்த வீடு எங்கள் ஊர் வழக்கப்படி நேரலையில் வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் இப்போது பறைமேளக்காரரைச் சொல்லும்போதே வீடியோக்காரரையும் சொல்லிவிடுகிறார்கள். அன்று மெல்பேர்ணில் ஒரு பூங்காவில் பகல் நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால், என் வானுக்குள் இருந்து மேகலா தொலைபேசியில் அதைப் பார்த்தார். வானின் பின்கதவு திறந்திருந்தது. வாய்க்கரிசி போடும் நேரம் தந்தையார் கமராவைப் பார்த்து, "மேகலா, பார்த்துக்கொண்டிருக்கிறியோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றார் மேகலா. நேரலையில் இங்கிருந்து குரல் போகாது. அது மேகலாவுக்குத் தெரியும். தந்தையார் மறுபடியும் கேட்டார், "இருக்கிறியோ?" இவர் இன்னும் உரத்து, "ஓம் அப்பா, இருக்கிறன், இருக்கிறன்" என்றார். அங்கே அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். என் வாழ்நாளில் எத்தனையோ மைக் வேலை செய்யாமல் போயிருக்கிறது. அந்த ஒரு பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் நின்றதுபோல நான் எங்கும் கையாலாகாமல் நின்றதில்லை.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு மேடையேறிப் பாடினார். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உள்ள வீட்டுக்காரர் கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தாயின் பாடை வீட்டை விட்டு இறங்கிய நேரத்தில் மகள் மேடையில் நிற்கிறாள் என்று ஊரெல்லாம் கதை பரவியது. முகநூலில் நாக்கூசாமல் எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லோரும் பெற்றோரின் செத்த வீட்டுக்கு விமானம் ஏறிப் போய் வந்தவர்கள். எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. மேகலா அதற்கும் கோபப்படவில்லை. "துடக்குக் காக்க ஒரு வீடு வேணும் அண்ணை. எனக்கு இருக்கிறது ஒரு அறை. அங்க சத்தமா அழுதா பக்கத்து அறைக்காரன் சுவரில தட்டுவான். இங்க கத்தினா கைதட்டுறாங்கள்" என்றார். அன்று அவர் பாடியதைக் கேட்ட டேவ், குச்சியை மடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். கூட்டத்துக்குத் தாளம் நின்றதே தெரியவில்லை.

மேகலா நாற்பதைத் தொடவில்லை. சிட்னியில் அவருக்கு நாங்கள் வைத்த கடைசி மேடைக்குப் போஸ்டர் ஒட்டியாயிற்று, நுழைவுச்சீட்டும் விற்று முடிந்திருந்தது. கச்சேரிக்குப் பதிலாகச் செத்த வீடு நடந்தது. தந்தையார் இங்கே வர விசா கேட்டார், மறுத்துவிட்டார்கள். தகனம் எங்கே என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவர் என்னை அழைத்தார். "தம்பி, அங்க எரிக்க வேண்டாம். என்ர பிள்ளையை அனுப்பிப் போடுங்கோ" என்றார். என் வாயில் அந்தப் பழைய பயமே வந்துவிட்டது. "ஐயா, கொழும்பில..." என்று இழுத்தேன். "இனி ஆர் தம்பி அவளை விசாரிக்கப் போறாங்கள்?" என்று கேட்டார்.

எல்லா அனுமதியும் மளமளவென்று வந்தது. யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. டேவ் என்னிடம், "அப்படியானால் இப்போது அவள் போகலாமா?" என்று நம்பமுடியாமல் கேட்டார். போகலாம் என்றேன். அந்த மனிதர் சுவரைக் கையால் குத்தினார்.

பெட்டி விமான நிலையத்துக்குப் புறப்பட முன் எல்லோரும் சுற்றி நின்றோம். எங்கள் ஆட்கள் யாரையும் 'போ' என்று வழியனுப்புவதில்லை. அது அபசகுனம். கடைக்குப் போகிறவரிடம்கூட 'போட்டு வா' என்றுதான் சொல்லிப் பழக்கம். மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கார அன்ரியும் பழக்கதோஷத்தில் பெட்டியைத் தடவி, "போட்டு வா பிள்ளை" என்று விம்மினார்.

என் முறை வந்தது. நான் குனிந்தேன்.

"வேண்டாம் மேகலா. நீ போ. திரும்பி வராதை."