பார்க்கிங் பேஸ்பால் மைதானத்தில் ஆள் நிற்காத இடம்

லண்டனுக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், பாலம் பார்ப்பார்கள், ராட்சத ராட்டினத்தில் ஏறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். நான் ஒரு பேஸ்பால் மைதானத்தைப் பார்க்கப் போனேன். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை நான். பேஸ்பால் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். "கிரிக்கெட் மாதிரியா மேடம்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே இருபது வருடம் ஓடிவிட்டது.

எங்கள் அணியைப் பற்றி இந்த வலைப்பதிவில் எழுதியபோது ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். கிழக்கு லண்டனில் யாழ்ப்பாணத்துப் பையன்கள் நிறைந்த ஒரு கல்லூரி அணி ஒரு காலத்தில் பத்து வருடம் கோப்பையைக் கையில் வைத்திருந்தது, அந்த ஆட்கள் அக்டோபர் கடைசி ஞாயிறு ஒன்றுகூடி விளையாடுவார்கள், வந்தால் பார்க்கலாம் என்று. எழுதியவர் சிவநேசன், அந்த அணியின் கேட்சர், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். விடுப்பு இருந்தது. அப்டன் பார்க்கில் டாக்டராக இருக்கும் தோழி அனிதா வீட்டில் படுக்க இடமும் இருந்தது. கிளம்பிவிட்டேன். கல்லூரியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

அப்டன் பார்க்கிலிருந்து பார்க்கிங்குக்குப் பாதாள ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். பார்க்கிங் என்றால் கார் நிறுத்துமிடம் இல்லை, ஊரின் பெயரே அதுதான். அனிதா விளக்கும்வரை நானும் குழம்பினேன். பதினோரு மணிக்கு இறங்கிவிட்டேன். சிவநேசன் வரச் சொன்னதும் பதினோரு மணிக்குத்தான். ஆளைக் காணோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மனதுக்குள் திட்ட ஆரம்பித்தேன், அப்புறம்தான் ஸ்டேஷன் கடிகாரம் பத்தேகால்கூட ஆகவில்லை என்று காட்டியது. அன்று அதிகாலை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். என் கைக்கடிகாரத்துக்கு அது தெரியாது. வெளியே ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி ரோல்ஸ் இரண்டும் தேநீரும் வாங்கிக்கொண்டு, கிடைத்த ஒரு மணி நேரத்தைக் குளிரில் நின்றே கழித்தேன்.

சிவநேசன் அண்ணை செவன் கிங்ஸ் என்ற பக்கத்து ஊர்க்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். வந்ததும் அந்தக் காரில்தான். என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதில் கால் வைக்காமல் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையில் பாதி ஊரை நான் பார்க்கவில்லை. மைதானம் ஸ்டேஷனிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். கவுன்சிலுக்குச் சொந்தமான பெரிய புல்வெளி அது. ஒரு பக்கம் சிற்றாறு, மறுபக்கம் கிடங்குகள். அன்று ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து புல்வெளியின் பாதி வரைக்கும் வந்து அப்படியே நின்றிருந்தது. நடுப்பகலிலும் அது கலையவில்லை.

காரில் வரும்போதே அந்தப் பத்து வருடக் கதையை அண்ணை சொல்லி முடித்திருந்தார். அகதிகளாக வந்து அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் அவர்கள். பேஸ்பாலுக்கு ஆள் கிடைக்காமல் பயிற்சியாளர் திண்டாடியிருக்கிறார். நம்மவர்கள் போய், இது எங்கள் எல்லேதானே என்று மட்டையைத் தூக்கியிருக்கிறார்கள். எல்லே என்பது இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு. பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓட வேண்டும். ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். பேஸ்பாலில் அப்படி எறியக் கூடாது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட வேண்டும். அதை இவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்திலேயே ரவீந்திரன் என்பவர் நாற்பது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பையனின் முதுகில் குறி தப்பாமல் எறிந்தாராம். அவன் குப்புற விழுந்து கிடக்கிறான். நம்மவர்கள் அவுட் அவுட் என்று கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். நடுவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அந்த ஆட்டத்தில் படுதோல்வி. ஆனால் பயிற்சியாளர் விவரமானவர். அந்தக் கையை வீணாக்காமல் ரவீந்திரனை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தினார். ஓடுகிறவர் மிதித்துப் போக வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர்; இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவிலுள்ள இடம் அது. வலக்கைக்காரர்கள் அடிக்கிற பந்தில் பாதி அங்கேதான் வரும். படிப்பு முடிந்த பின்னும் அவர்கள் அதே அணிக்குத்தான் ஆடினார்கள், அதற்குப் பிறகு பத்து வருடத்தில் கோப்பை வேறு கைக்குப் போனது இரண்டே முறை.

அந்த அணியின் நட்சத்திரங்களில் மூன்று பேரை நேரில் பார்த்தேன். பிட்சர் ஜெறாட், பந்து எறிபவர், இடக்கைக்காரர். இன்று மருந்துக்கடை முதலாளி, தோள்பட்டை சரியில்லை, எறிந்தால் மட்டும் இன்னும் பந்து நெளிகிறது. முதல் பேஸில் டெரிக். பெற்றோர் ஜமைக்காக்காரர்கள், இவர் பிறந்ததே பார்க்கிங்கில். முப்பது வருடப் பழக்கத்தில் மைதானத்தில் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கத்துகிறார், வெளியே வந்தால் ஒரு வார்த்தை வராது. மூன்றாவது ஆள் சிவநேசன் அண்ணை. நான்காவது ஆளான ரவீந்திரனை நான் பார்க்கவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அண்ணை காரின் வேகத்தைக் குறைத்தார்.

தங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஒரு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஐம்பதைத் தொட்ட ஆண்கள், தொப்பைகள், முட்டியில் பட்டை. என் மாணவிகள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நான் எல்லைக் கோட்டில் நின்று பார்த்தேன். இரண்டு ஓவருக்குள், மன்னிக்கவும், இரண்டு இன்னிங்ஸுக்குள் பொறுக்க முடியவில்லை. இரண்டு அணியிலும் ஷார்ட்ஸ்டாப்பில் ஆளே இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் நிற்கிறார்கள், அங்கே மட்டும் வெறும் புல். பயிற்சியாளர் புத்தி சும்மா இருக்குமா? "யாராவது ஷார்ட்டுக்குப் போங்க!" என்று கத்திவிட்டேன். யாரும் திரும்பவில்லை. எனக்கு முன்னால் நின்ற மூன்றாம் பேஸ்காரர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். மட்டை பிடித்த எல்லோரும் பந்தை வலது பக்கமாகவே தள்ளினார்கள். எவ்வளவு சுலபமான பந்து வந்தாலும் இடது பக்கம் போக விடவில்லை. காலியாக இருக்கும் இடத்தில் அடிப்பதுதானே விளையாட்டு? இவர்கள் அந்த இடத்துக்குப் பந்து போய்விடுமோ என்று பயந்து ஆடினார்கள்.

இடைவேளையில் சிவநேசன் அண்ணை என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். போர் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், இதே போல் கடிகாரம் திருப்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரவீந்திரன் வன்னியில் இருந்த தாயைக் கூட்டிவரப் போயிருக்கிறார். கொழும்பிலிருந்து அவருடைய தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. அதன் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. இறந்தார் என்று சொன்னவர்களும் இல்லை, கண்டோம் என்று சொன்னவர்களும் இல்லை. அடுத்த வருடம் இவர்கள் கூடியபோது அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போகிற பந்தை யாரும் எடுப்பதில்லை. ரவி நின்றால் பிடித்திருப்பான், அதனால் அடித்தவர் அவுட். ரவி பந்துக்குப் போகும்போது 'என்ர!', அதாவது என்னுடையது, என்று குரல் கொடுப்பாராம். எதிரணிக்காரர்கள் அதை ஏதோ ரகசியச் சொல் என்று நினைத்தார்கள். இப்போது இவர்கள் 'அவன்ர' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

நான் நல்ல வழக்கம் என்றேன். உருக்கமாகவும் இருந்தது. அண்ணை கொஞ்சம் தயங்கினார்.

"வழக்கம் மட்டுமெண்டால் பரவாயில்லை, தங்கச்சி. அங்க போற பந்து புல்லில விழுற சத்தம் எங்களுக்குக் கேக்கிறேல்லை. கிளவ்ஸுக்குள்ள விழுற சத்தம்தான் கேக்கும்."

நான் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. வருத்தத்தில் காது எதையும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். பந்தை அன்றைக்குத் தேடுவதில்லை என்றும் சொன்னார். டெரிக் வீடு பக்கத்தில்தான். மறுநாள் காலை போய் எடுப்பார். புல் முழுக்கப் பனியில் நனைந்திருக்கும், பந்து காய்ந்து கிடக்குமாம்.

மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மூடுபனி இன்னும் முன்னால் வந்திருந்தது. இடது பக்கம் தூரத்தில் நின்ற ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. கடைசி இன்னிங்ஸில் ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொள்ள, விருந்தாளி ஆடட்டும் என்று மட்டையை என் கையில் கொடுத்தார்கள். நானும் வலது பக்கம்தான் தள்ள நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைப்பு. ஜெறாட் எறிந்த பந்து உள்ளே நெளிந்து வந்தது. இருபது வருடப் பழக்கம், கை தானாகச் சுழன்றது. பந்து நெஞ்சளவு உயரத்தில் நேராக அந்த இடத்துக்குப் போனது.

'பொத்' என்று ஒரு சத்தம்.

புல்லில் விழும் பந்தின் சத்தம் எனக்குத் தெரியும். ஈர மண்ணில், சுவரில், ஆள்மேல் படும் சத்தமும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது தோல் கையுறையின் நடுவில், சரியான இடத்தில் விழுந்த பந்து. அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடித்தால்தான் அந்தச் சத்தம் வரும். என் மாணவிகளில் இரண்டு பேருக்குத்தான் வரும். நான் பார்த்த இடத்தில் யாரும் இல்லை, பந்தும் இல்லை. முதல் பேஸுக்கு ஓட வேண்டும் என்பதே மறந்துபோனது.

"அவன்ர," என்றார் எனக்குப் பின்னால் குந்தியிருந்த சிவநேசன் அண்ணை, மெதுவாக. ஒவ்வொருவராக எல்லோரும் அதைச் சொன்னார்கள். டெரிக்கும் சொன்னார். சிலர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஜெறாட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்ட நிறைவு அவர்களுக்கு. அண்ணை பையிலிருந்து வேறு பந்தை எடுத்தார், ஆட்டம் தொடர்ந்தது. நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கார்கள் நிற்கும் பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு பெண் பெரிய பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாலதி அக்கா, ரவீந்திரனின் மனைவி. ஆஸ்பத்திரியில் வேலை, ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். நெற்றியில் குங்குமம், ஜாக்கெட்டுக்கு வெளியே தாலிக்கொடி. எல்லோருக்கும் ஊற்றிவைத்துவிட்டு, எனக்கும் ஒரு கோப்பை கொடுத்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஊர், வீடு, பிள்ளைகள் என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒவ்வொரு வருசமும் சத்தம் கேட்டது எண்டு இவையள் வந்து சந்தோசமாச் சொல்லுவினம். ரவி வந்திட்டான் எண்டுவினம். எனக்குச் சந்தோசமில்லை. உயிரோட இருக்கிற மனுசன் ஊரில எங்கையோ இருந்துகொண்டு இஞ்ச வந்து பந்து பிடிக்கேலுமே? அந்தச் சத்தம் உண்மையெண்டால் நான் இந்தப் பொட்டை அழிக்கவேணும்."

இதை அந்த ஆண்களில் ஒருவர்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. நண்பனை விட்டுக் கொடுக்காமல் வைத்திருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர் மனைவியிடம் அவர் செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கிறார்கள்.

"எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. நான் அந்தப் பக்கம் பாக்கிறதே இல்லை. இவையள் அவற்ற கூட்டாளியள், ஆசையில சொல்லுவினம். நீங்கள் வெளியாள், அதோட பந்தைப் பற்றித் தெரிஞ்சவ. உங்களுக்குக் கேட்டதோ?"

மைதானத்தில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். குளிர்ந்த கோப்பையை நான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"இல்லக்கா," என்றேன். "புல்லுல விழுந்த சத்தம்தான்."

அவர் தலையை ஆட்டினார். கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைக் கொட்டி, சூடாக மறுபடி ஊற்றிக் கொடுத்தார்.

"போன வருசம் வந்த பெடியனும் உங்களை மாதிரித்தான். கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தான் இல்லையெண்டவன்."

நாலே முக்காலுக்கு இருட்டிவிட்டது. பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். திரும்பும் வழியில் அண்ணை அந்தக் காலத்துக் கோப்பைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். மாலதி அக்கா சொன்னதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பார்க்கிங் ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்குப் பேருந்து உண்டு, கட்டணம் ஒன்றே முக்கால் பவுண்டு, ஞாயிற்றுக்கிழமை நிறைய நேரம் காத்திருக்க வைக்கும். கழிப்பறை கிடையாது, ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கான்வாஸ் ஷூ வேண்டாம், அரை மணியில் நனைந்துவிடும். முந்தின இரவே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். உங்களையும் ஆடக் கூப்பிடுவார்கள், தாராளமாக ஆடலாம், ஷார்ட்ஸ்டாப்பில் மட்டும் போய் நிற்காதீர்கள். தேநீர் குடிக்கும்போது மாலதி அக்கா உங்களிடமும் கேட்பார். என்ன பதில் சொல்வது என்று நான் சொல்லித்தர முடியாது. எதைச் சொல்வதானாலும் ரயிலில் வரும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் கேட்டு முடித்தவுடன் சொல்லிவிடுங்கள்.