கிளடிஸ் போடும் கோடு

கிணறுகளைப் பார்த்து முடியும் வரைக்கும் கிளடிஸ் தேநீரைத் தொடமாட்டாள். அதற்குள் அதில் ஆடை படிந்துவிடும். விரலால் எடுத்துக் கோப்பை விளிம்பில் ஒட்டிவிட்டுக் குடிப்பாள். சூடாக்கித் தரட்டுமா என்று கேட்டுக் கேட்டுக் கணவர் அருள்நாயகம் சலித்துப் போனார்.

கிணறுகள் இருப்பது அல்பேர்ட்டாவில். கிளடிஸ் இருப்பது நாட்டின் மறுகோடியில், அஜக்ஸில், வீட்டு மேல்மாடி அறையில், கணினிக்கு முன்னால். ஷேல் பாறையை உடைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிற ஒரு கம்பனிக்கு, எந்தக் கிணறு இன்னும் எவ்வளவு தரும் என்று கணித்துச் சொல்கிற பொறியியலாளர் அவள். பழைய மாதிரி எண்ணெய்க் கிணறு நிதானமாகக் கிழடாகும். ஷேல் கிணறு அப்படியல்ல. முதல் மாதங்களில் பீறிட்டு அடிக்கும். ஆண்டு திரும்புவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். திரையில் அது சறுக்கி இறங்குகிற ஒரு கோடு. அந்தக் கோட்டின் வால் எங்கே போய் முடியும் என்பதில்தான் அலுவலகத்தில் இழுபறி. மற்றவர்கள் வாலைக் கொஞ்சம் தூக்கிப் போடுவார்கள், மேலிடத்தின் மனம் குளிரட்டுமே என்று. கிளடிஸ் தூக்கமாட்டாள். "உது இப்ப துள்ளும். பிறகு படுத்திடும்," என்பாள்.

இந்தப் பேச்சு கிணற்றோடு நின்றால் பரவாயில்லை. கோயில் பாடகர் குழுவில் புதியவர்கள் கூட்டமாய் வந்து சேர்ந்த ஞாயிறன்று, "தபசு காலம் முடியட்டும், பாப்பம்," என்றாள். எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நோன்பு முடிந்து உயிர்த்த ஞாயிறுக்கு மிஞ்சியவர்கள் பழைய ஆட்கள்தான் என்பது வேறு கதை. மகள் ஏஞ்சலா ஜிம்மில் சேர்ந்ததையும் அவள் விட்டுவைக்கவில்லை. பொல்லாத வாய்தான். ஆனால் சொந்தத்தில் ஒருவர் வீடு வாங்கினால் மட்டும் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

ஏனென்றால் புதுவீட்டில் முதல் அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுவது மூத்தவள் கிளடிஸ்தான். மன்னாரிலிருந்து வந்த நாள்தொட்டு அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். வெக்ஸ்போர்ட்டில் தங்கை வீட்டுக்குக் கொதிக்கிற காய்ச்சலோடு போய் நின்று காய்ச்சினாள். அவள் வராமல் சகோதரங்களில் ஒருவரும் குடிபுகுந்ததில்லை.

போன கிழமை தம்பி பஸ்ரியன் வீடியோவில் வந்தான். அக்கா கோடு போடுகிற அதே எண்ணெய் வயலில்தான் அவனுக்கு வேலை, கிணறு துளைக்கிற ஒரு கொந்தராத்துக்காரரிடம். பக்கத்து ஊரில் வீட்டுக்கு விலை பேசிவிட்டானாம். வெள்ளிக்கிழமை வரை பின்வாங்கலாம், அதற்குப் பிறகு முடியாது. மனைவி மெலனி திரைச்சீலைத் துணிகூடப் பார்த்துவிட்டாளாம். பால் காய்ச்ச வர எப்போது ரிக்கெற் போடட்டும் என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்.

அந்த வயலின் கணிப்பைக் கிளடிஸ் முடித்துக் கொடுத்ததும் அதே கிழமைதான். புதிய கிணறுகள் பழையவற்றைவிட வேகமாகச் சரிந்தன. இனி அங்கே துளைப்பதில்லை என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டது. அறிவிப்பு வரும் வரை வீட்டில்கூட மூச்சுவிடக்கூடாது. சொன்னால் வேலையோடு தொழில் உரிமமும் போகும். சொல்லாவிட்டால், வேலை போன ஊரில் விற்கமுடியாத வீட்டோடு கிடப்பான் தம்பி. அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ரிக்கெற் போடாதை. நான் பால் காய்ச்ச வரேல்லை."

சுகமில்லையோ என்று கேட்டான். சுகமாகத்தான் இருப்பதாகச் சொன்னாள். லீவு தரமாட்டார்களோ என்றான். லீவு நிறையக் கிடக்கிறது என்றாள். அத்தான் ஏதும் சொன்னாரோ என்றதற்கு, அவர் ஏன் சொல்லப் போகிறார் என்றாள். காய்ச்சலோடும் பால் காய்ச்சப் போன அக்கா, ஒரு சாட்டும் சொல்லாமல் வரமாட்டேன் என்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, இஞ்ச வேலை நிக்கப் போகுதோ?"

ஓம் என்றும் அவள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையை நீட்டி, தன் முகம் தெரியாதபடி கமராவை உள்ளங்கையால் பொத்தினாள்.